மேகம் மூடினாலும் கண்ணுக்குத் தப்பாது!
காட்டைக் காவல் காக்கும் ராடார்

இந்தோனேசியா நாட்டில் சுமத்ரா என்ற பெரிய தீவு இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில் உள்ளது ரியாவ் மாநிலம். யானையும் புலியும் உலாவிய அடர்ந்த காடுகள் நிறைந்த இடம் அது.

அந்தக் காடுகளில் பெரும் பகுதி இன்று இல்லை!

மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். நம் வீட்டுச் சமையலுக்கு வரும் பாமாயில், இந்தப் பனையின் பழத்தில் எடுப்பதுதான். காகிதம் செய்வதற்காக அகேசியா மரங்களையும் வளர்த்தார்கள்.

அங்கே பல இடங்களில் தரை சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கட்டையும் மக்காமல் தண்ணீருக்குள் கிடக்கின்றன. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால், அந்த மண்ணே தீப்பற்றி எரியும்! 2015-ம் ஆண்டில் இந்தோனேசியாவில் அப்படி எரிந்த புகை, கடல் தாண்டி சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது.

மேகம் தந்த மறைவு

காட்டை வானத்திலிருந்து கண்காணிக்க முடியாதா? செயற்கைக் கோள்கள் படம் எடுத்தன. ஆனால், பூமத்திய ரேகை செல்லும் அந்தத் தீவில் பெரும்பாலும் மேகம்தான். படத்தில் வெள்ளைப் போர்வை போல மேகமே தெரிந்தது. வானம் வெளுத்துப் பார்க்கும்போது காடு போயிருக்கும்!

திருடனுக்கு இருட்டு உதவுவது போல, திருட்டுத்தனமாக மரம் வெட்டுகிறவர்களுக்கு மேகம் உதவியது.

வௌவால் வித்தை

இதற்கு வழி செய்தது ராடார். வௌவால் இருட்டில் எப்படிப் பறக்கிறது? சத்தம் எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. ராடாரும் அப்படித்தான். ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. அதற்குச் சூரிய வெளிச்சம் வேண்டாம். மேகமும் தடையில்லை.

அலையின் நீளம் சுமார் ஒரு சாண் இருந்தால், அது இலைகளைக் கடந்து கிளையையும் அடிமரத்தையும் தொடும்.

காடா? தோட்டமா?

மேலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான். ஆனால் காட்டில் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அலை நாலாபுறமும் சிதறித் திரும்பும். படம் பளிச்சென்று தெரியும். எண்ணெய்ப் பனைக்குக் கிளை கிடையாது. அதன் எதிரொலி வேறு. மரங்களை வெட்டிச் சமப்படுத்திய தரையோ கறுப்பாகத் தெரியும்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால், எங்கே காடு அழிந்தது என்பது தெரிந்துவிடும்!

ஜப்பான் 2014-ல் ஏவிய "டைச்சி-2" என்ற செயற்கைக் கோள் இந்த வேலையைச் செய்தது. அதன் படங்களைக் கொண்டு, 2016-ல் வெப்ப மண்டலக் காடுகளுக்கான எச்சரிக்கைத் திட்டத்தை அந்நாடு தொடங்கியது.

ஆளும் போகவேண்டும்

ராடாரும் ஏமாறுவது உண்டு. அகேசியா தோட்டத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டுவார்கள். அதுவும் காடு அழிந்தது போலவே தெரியும். ஆகவே, தோட்டம் எது என்று முன்கூட்டியே குறித்து வைக்கவேண்டும். அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். மரம் விழுந்த இடத்தைத்தான் ராடார் சொல்லும். வெட்டியவரைப் பிடிக்க வேண்டியது மனிதர்தான்!

2025 ஜூலை 30-ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து "நிசார்" என்ற ராடார் செயற்கைக் கோள் வானில் ஏறியது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது அது. உலகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் கிட்டத்தட்ட 12 நாளைக்கு இரண்டு முறை பார்ப்பதற்காக அதை அமைத்திருக்கிறார்கள்.

மேகத்துக்கு அடியில் ஒளிந்த கோடாரிக்கு இனி மறைவில்லை!