புளி தேய்த்த குடமும் வெள்ளி மணலும்

பாட்டி வீட்டில் மழைக்காலத் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும். மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு இழை இழைத்து அதில் தண்ணீரை ஊற்றி வைப்பார். விடிவதற்குள் வண்டல் அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் செம்புக் குடத்துக்குப் போகும். வாரம் ஒருமுறை அந்தக் குடத்துக்குப் புளிக் குளியல். உள்ளேயும் கையை விட்டுத் தேய்ப்பார். அதை வெறும் பளபளப்பு ஆசை என்றுதான் அப்போது நினைத்தேன்.

செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்பது வெறும் நம்பிக்கையில்லை. பெங்களூரில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு அவற்றை உயிரோடு மீட்டெடுக்க முடியவில்லை. வெள்ளியும் அதே குணம் கொண்டதுதான். 1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, கண்ணைப் பறிக்கும் தொற்றைப் பெருமளவு தடுத்தார். வேலை செய்வது உலோகத்திலிருந்து கழன்று வரும் அயனிகள். அவை பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு, அதன் மேலுறையைக் குலைத்து, மூச்சை நிறுத்துகின்றன.

வீட்டில் குடத்துக்குப் பிறகு வெள்ளைக் கேண்டில் செருகிய எவர்சில்வர் ஃபில்டர் வந்தது. அதையும் வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கேன் தண்ணீர். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்றைய கதை சென்னை ஐஐடியில். பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2013இல் ஒரு பொருளை உலகுக்குச் சொன்னது. பார்க்க மணல் மாதிரி இருக்கும். இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் அலுமினியத்தின் ஆக்சிஹைட்ராக்சைடையும் சேர்த்துக் கட்டிய குருணை அது. அதன் உள்ளறைகளில் வெள்ளி நானோ துகள்கள் குடியிருக்கின்றன. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இப்படி ஒன்றுக்குள் ஒன்றைப் பொதிந்து வைத்ததைத்தான் நானோ கலப்புப்பொருள் என்கிறார்கள். உலை வேண்டாம், ஏறக்குறைய அறை வெப்பத்தில், தண்ணீரிலேயே தயாராகிறது.

கிருமியைக் கொல்ல வெள்ளி போதுமே, இவ்வளவு சிங்காரம் எதற்கு? சிக்கல் கொல்வதில் இல்லை. நம் ஊர் நிலத்தடி நீரில் சுண்ணமும் சிலிக்கேட்டும் ஏராளம். வெறும் வெள்ளித் துகளை அதில் போட்டால், இந்த இரண்டும் படலமாகப் படிந்து உலோகத்தை மூடிவிடும். அயனி வெளியே வராது. பாட்டி புளியால் தேய்த்து அகற்றியதும் இதுபோன்ற ஒரு படலத்தைத்தான். குருணையின் நுண்ணிய கூடு அந்தப் படிவைத் துகளிடம் நெருங்க விடுவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் இல்லை. லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் என்ற அளவில் வெள்ளி சீராகக் கசிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பொறுத்துக்கொள்ளும் 100 மைக்ரோகிராமுக்குள்தான் இது. கணக்குப் போட்டால் ஒரு கிராம் வெள்ளி 25,000 லிட்டருக்கு வரும். கைக்குழந்தையின் கொலுசில் அதைவிட அதிகம் இருக்கும்.

எனக்கு வியப்பு கொல்லும் வெள்ளியிடம் இல்லை, அதைக் கஞ்சத்தனமாக அளந்து கொடுக்கும் அந்தக் கூட்டிடம்தான். இதே குழு இரும்பை வைத்துச் செய்த இன்னொரு குருணை ஆர்செனிக் நஞ்சை வடிகட்டுகிறது. மேற்கு வங்கக் கிராமங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது.

அளந்து கொடுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1970களில் அமெரிக்காவின் பாஸ்டனில், தீக்காயத்துக்கு வெள்ளி நைட்ரேட் தடவிய மருத்துவமனைப் பிரிவு ஒன்றில், வெள்ளிக்கு அசையாத சால்மொனெல்லா தலைதூக்கியது. இன்றோ நாற்றம் வராத சாக்ஸ் என்று வெள்ளித் துகளைப் பூசி விற்கிறார்கள். துவைக்கத் துவைக்க அது சாக்கடைக்குப் போகிறது. கால் நாற்றத்துக்கு வெயிலில் காயப்போட்டால் போதாதா?

பாட்டியின் குடம் இப்போது சித்தப்பா வீட்டு வரவேற்பறையில், பிளாஸ்டிக் பூக்களைத் தாங்கி நிற்கிறது. புளி போட்டுத் தேய்க்கும் வேலை மிச்சம் என்று, உள்ளும் புறமும் லாக்கர் பூசியிருக்கிறார்கள்.