விலங்குக் கதைகளில் இயற்கைச் சமநிலை

விலங்குகளைப் பேசவைத்துக் கதை புனையும் மரபு மிகப் பழைமையானது. அக்கதைகளிற் பெரும்பாலானவை மாந்தர்க்கு நீதி புகட்ட எழுந்தனவே. ஆயினும் அவற்றுட் சில, விலங்குகளே போற்றி ஒழுகும் ஒரு கொள்கையை எடுத்துரைக்கின்றன. கொல்வனவும் கொல்லப்படுவனவும் ஒரே காட்டில் வாழவேண்டுமாயின் யாவும் ஓரளவுக்கு உட்பட்டொழுகல் வேண்டும் என்பதே அக்கொள்கை. இயற்கைச் சமநிலை என்று பொதுவாக வழங்கப்படும் கருத்தும் இதனோடு ஒத்ததே. ஆனால் அச்சமநிலையின் சுமையைத் தாங்குபவர் யார் என்னும் வினாவுக்குக் கதைகள் யாவும் ஒரே விடை தருவனவல்ல.

பஞ்சதந்திரத்தின் முதற் பகுதியாகிய மித்திரபேதத்தில் வரும் சிங்கமும் முயலும் பற்றிய கதை யாவரும் அறிந்ததொன்று. சிங்கமொன்று வரைமுறையின்றி விலங்குகளைக் கொன்று குவிக்கின்றது. அஞ்சிய விலங்குகள் ஒன்றுகூடிச் சென்று, நாடோறும் ஒரு விலங்கு இரையாக வந்து சேரும் என அதனோடு உடன்படிக்கை செய்கின்றன. சிங்கத்துக்கு அலைச்சலின்றி உணவு கிடைக்கும். விலங்கினங்களும் அடியோடு அழியா. எண்ணிக்கை ஒன்றையே நோக்குமிடத்து இது குறைவற்ற சமநிலையாகும். ஆனால் முயலின் முறை வந்தபோது அதன் உண்மை இயல்பு வெளிப்படுகின்றது. வலிய சிங்கம் இழந்தது யாதுமில்லை. தம்முள் ஒன்றைத் தாமே நாடோறும் சாவுக்கு அனுப்பும் கொடுமை மெலிய விலங்குகளின் தலையில் விழுந்தது. முயல் அவ்வேற்பாட்டுக்கு இணங்கவில்லை. காலந்தாழ்த்திச் சென்று, வேறொரு சிங்கம் வழிமறித்ததெனக் கூறி, கிணற்று நீரில் தோன்றிய நிழலைக் காட்டிச் சிங்கத்தை மாய்த்தது. வலியோரைக் கட்டுப்படுத்தாத சமநிலை, அடிமைத்தனத்துக்கு இட்ட மறுபெயரே என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

இதற்கு மறுதலையான ஒரு காட்சியை, 1865ஆம் ஆண்டு பம்பாயிற் பிறந்த ஆங்கில எழுத்தாளர் றட்யாட் கிப்ளிங்கின் கதைகளிற் காணலாம். 1894இல் வெளிவந்த ‘ஜங்கிள் புக்’ என்னும் நூலும், 1895இல் வெளிவந்த அதன் இரண்டாம் நூலும் மத்திய இந்தியாவின் சியோனி மலைக்காடுகளைப் பெரும்பாலும் களமாகக் கொண்டவை. இரண்டாம் நூலின் முதற் கதை, காட்டில் அச்சம் தோன்றிய வரலாற்றைக் கூறுவது. மழை பொய்த்து ஆறு வற்றி, அதன் நடுவேயுள்ள பாறை வெளித்தோன்றுகின்றது. அது கண்ட முதிய யானையாகிய ஹாத்தி, நீர் உடன்பாட்டைப் பறைசாற்றுகின்றது. அதன்பின் நீருண்ணும் துறையில் எவ்விலங்கு கொலை புரியினும் அதற்குத் தண்டனை மரணமே. உண்பதற்கு முன் பருகுதல் வேண்டும் என்பதே அவ்விதிக்குக் கூறப்படும் காரணம். மானும் பன்றியும் ஒரு கரையில் நிற்க, புலியும் ஓநாயும் மறு கரையில் நிற்கின்றன.

இவ்விதியினால் பெரிதும் கட்டுண்பவை வலிய விலங்குகளே. மனிதனைக் கொன்றுவிட்டு நீர்த்துறைக்கு வந்த ஷேர்கான் என்னும் புலியை, நீரைக் குடித்தபின் அகன்று போகுமாறு ஹாத்தி பணிக்கின்றது. புலியும் மறுத்துரைக்க இயலாது அகல்கின்றது. பின்னர் ஹாத்தி கூறும் பழங்கதையில், ஆதியில் யாவும் இலையும் கனியும் உண்டு வாழ்ந்தன எனவும், நடுவனாக அமர்த்தப்பட்ட முதற்புலியே சினத்தினால் மானொன்றைக் கொன்று சாவைக் காட்டினுள் கொணர்ந்தது எனவும் சொல்லப்படுகின்றது. நீதி வழங்கவேண்டியவன் அளவு கடந்தமையே கேட்டுக்கு மூலம் என்பது அதன் கருத்து.

எனினும் மெய்யான காடுகளில் இத்தகைய உடன்பாடு எதுவும் இல்லை. இயற்கையில் நிலையான சமநிலை இல்லை என்பதை விலங்குச் சூழலியலின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ள்ஸ் எல்ற்றன் 1930ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஐக்கிய அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் றோயல் தீவில், ஓநாய்களும் மூஸ் என்னும் பெருமான்களும் 1958 முதல் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன. அங்கு 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்கள், நோயொன்று பரவியமையால் 1982இல் 14 ஆகக் குறைந்தன. பின்னர் நெருங்கிய உறவினுள் இனம் பெருகிய குறைபாட்டினால் நலிந்து, 2018இல் இரண்டே எஞ்சின. மான்களோ பெருகின. 2018, 2019ஆம் ஆண்டுகளில் 19 ஓநாய்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன. ஓநாய் அளவறிந்து உண்பதில்லை. மான் அளவறிந்து பெருகுவதில்லை. இரை, நோய், பனி, பஞ்சம் என்பனவே அவற்றுக்கு எல்லை வகுக்கின்றன. அவ்வெல்லையும் காலந்தோறும் மாறுகின்றது.

அவ்வாறாயின் கதை விலங்குகளின் கொள்கை பொய்யோ எனின், அன்று. அது விலங்கியல் உண்மையன்று, அறவியல் உண்மை. தன் வலிமைக்குத் தானே எல்லை வகுக்கும் ஆற்றல் புலிக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. ஐல் றோயலில் ஓநாய்களை மீண்டும் விடுவதா, இயற்கையை அதன் போக்கில் விடுவதா என ஆராய்ந்து முடிவு செய்தவனும் அவனே. இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என வாளாவிருப்போர், கதையிலுள்ள சிங்கத்தைப் போன்று, பிறர் சுமக்கும் சமநிலையில் இன்பம் காண்பவராவர். நீர் வற்றிய காலத்தில் முதலிற் கட்டுப்படவேண்டியவர் வலியோரே என்னும் ஹாத்தியின் நீதி, காட்டினும் நாட்டுக்கே பெரிதும் வேண்டப்படுவது.