முழங்கால் வலியைத் தடுக்க மாத்திரை உண்டா?

நீண்ட தூர ஓட்டப் பயிற்சியில இறங்கினவங்க கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "வலி வர்றதுக்கு முன்னாடியே க்ளுக்கோசமைன் போட ஆரம்பிச்சுடலாமா?" ஒரு டப்பா வாங்கும் முன் இதைத் தேடிப் படித்தேன்.

இதில் பெரிய ஆய்வு, 2006-ல் அமெரிக்காவில் வெளியான 'கெய்ட்'. 1583 பேர், 24 வாரம். க்ளுக்கோசமைனும் கான்ட்ராய்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6 சதவீதம் பேருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. அட, பரவாயில்லையே! ஆனா வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60.1 சதவீதம் பேருக்குக் குறைந்திருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை மருந்தின் பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வலி அதிகம் இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் கூட்டு மாத்திரைக்குப் பலன் தெரிந்தது.

அதைவிட முக்கியம், இவங்க எல்லாருமே 40 வயதைத் தாண்டிய மூட்டுத் தேய்மான நோயாளிகள். ஓடுறவங்களுக்கு வர்ற வலி பெரும்பாலும் முட்டிச்சில்லைச் சுற்றியோ, அதற்குக் கீழே உள்ள தசைநாணிலோ வருவது. நோயே வேற. அங்கே கிடைத்த முடிவை இங்கே ஒட்ட முடியாது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஜெலட்டின்தான். 2017-ல் வந்த சின்ன ஆய்வு: எட்டே ஆண்கள், 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சி-யோடு குடித்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் கயிறு தாண்டினார்கள். கொலாஜன் உருவாவதைக் காட்டும் ரத்த அளவீடு இரட்டிப்பானது. தசைநாணில் ரத்த ஓட்டம் குறைவு. பஞ்சு மாதிரி, அழுத்தி விடும்போதுதான் திரவம் உள்ளே போகும். உடற்பயிற்சிக்கு முன்னாடியே குடிக்கச் சொல்வது அதனாலதான். ஆனா அளந்தது ரத்தத்தை, வலியை இல்லை.

கவனிக்க: க்ளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருது. அந்த ஒவ்வாமை உள்ளவங்க லேபிளைப் பார்க்கணும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோல், எலும்பிலிருந்து வருவது, சைவக்காரர்களுக்கு ஆகாது.

இவை எதற்கும் இல்லாத ஆதாரம் தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிக்கு இருக்கு. மாத்திரை தர்ற தைரியத்துல வலிக்கிற காலோடு ஓடுறதுதான் என் பயம். நான் டப்பா வாங்கலை. வாரம் ரெண்டு நாள் ஸ்குவாட், படியேற்றம். முட்டி முணுமுணுத்தா அந்த வாரம் தூரத்தைக் குறைச்சுக்கறேன்.