எந்த வழியே போவது?

மும்பை மாதுங்காவில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர் அந்தேரிக்கு வேலைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் மாதுங்காவில் ரயிலேறி, தாதரில் இறங்கி, நெரிசல் மிகுந்த பாலத்தைக் கடந்து, மேற்கு ரயில்வேயின் விரைவு வண்டியைப் பிடிக்கலாம். மாதுங்கா ரோடு வரை நடந்து, நிலையந்தோறும் நிற்கும் வண்டியில் நேரே போகலாம். கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் மார்க்கத்து வண்டிக்குக் காத்திருந்தும் நேரே போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பார்?

எத்தனை பேர் எவ்வழியே செல்வர் என்று முன்னரே கணித்தால்தான், எங்கே வண்டிகளைக் கூட்டுவது, எந்தப் பாலத்தை அகலமாக்குவது என்று திட்டமிட இயலும். கணக்குப் பிழைத்தால் நெரிசலில் துன்புறுபவர் பிரயாணியே.

நிபுணர்கள் ஒவ்வொரு வழிக்கும் ஒரு சுமையை வகுக்கின்றனர். நடை, காத்திருப்பு, பயண நேரம், கட்டணம் யாவும் அதில் அடங்கும். நின்று காத்திருக்கும் நிமிடம் வண்டியில் செல்லும் நிமிடத்தைவிடக் கனமானது. ஆதலால் அதற்கு மிகுதியான மதிப்பளிப்பர். வண்டி மாறுவதற்கும் தனியே சில நிமிடங்களைச் சேர்ப்பர்.

எளிய உதாரணம் ஒன்று. ஒரே நிறுத்தத்திலிருந்து இரு பஸ்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை, மாறி மாறிச் சம இடைவெளியில் புறப்படுகின்றன. ஒன்றின் பயணம் 20 நிமிடம், மற்றது 25. விரைவானதற்கே காத்திருந்தால் சராசரியாக 30 நிமிடம் ஆகும். முதலில் வருவதில் ஏறினால் 27½ நிமிடமே. மெதுவான பஸ்ஸின் பயணம் 35 நிமிடமாயின், அதை விட்டுவிடுவதே நலம்.

1952-ல் பிரிட்டனின் வார்ட்ராப், சாலைப் போக்குவரத்தைப் பற்றி ஒரு நியதி கூறினார்: வேறு வழிக்கு மாறினாலும் எவருக்கும் நேரம் மிச்சமாகாத நிலையில் போக்குவரத்து சமநிலை அடைகிறது. ரயிலிலும் கூட்டம் பெருகினால் சுமை ஏறும். சிலர் வேறு வழி நாடுவர். 2014-ல் வெர்சோவா–அந்தேரி–காட்கோபர் மெட்ரோ திறக்கப்பட்டபின், காட்கோபரிலிருந்து அந்தேரிக்கு ரயிலில் செல்வோர் தாதரைச் சுற்றிவர வேண்டியதில்லை.

ஆயினும் சுமை எல்லோருக்கும் ஒன்றன்று. கூலி வேலை செய்பவருக்குக் கட்டணம் பெரிது. மூட்டு வலியுள்ள அன்னைக்குப் படிக்கட்டுப் பெரிது. ஊருக்குப் புதியவர் ஒரு வழியையே அறிவார். எல்லோரும் எல்லா வழிகளையும் அறிவர் என்று கொள்ளும் கணக்கு, இவர்களை மறந்த கணக்கு. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் இரண்டாவது வழியையும் சொல்லி வையுங்கள். அவருடைய சுமையில் ஒரு பங்கு அன்றே குறையும்.