பிள்ளையின் கையில் அறிவியல்



பிழைப்பிற்காகச் சொந்த ஊரைவிட்டு மும்பையிலோ, டெல்லியிலோ, பெங்களூரிலோ குடியேறிய நம் குடும்பங்களில் மாலைதோறும் கேட்கும் ஓசை ஒன்று உண்டு. பிள்ளைகள் அறிவியல் பாடத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ உரக்கப் படித்து மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ்வழியில் எட்டாம் வகுப்புவரை படித்த தாயோ, "அந்த மொழி எனக்குத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று ஒதுங்கிக்கொள்கிறார். டியூஷனுக்குப் பணம் கட்டுவதோடு தம் கடமை முடிந்தது என்று தந்தையும் எண்ணிவிடுகிறார்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அறிவியலில் முதலில் வேண்டியவை கண்ணும் கையும் அல்லவா? மொழி அதன் பிறகே வருகிறது.

ஹோஷங்காபாத் காட்டிய வழி

மத்தியப் பிரதேசத்தில் அன்று ஹோஷங்காபாத் என்றும் இன்று நர்மதாபுரம் என்றும் அழைக்கப்படும் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய முயற்சி ஒன்று தொடங்கியது. இரண்டு தொண்டு அமைப்புகள் தொடங்கிய இம்முயற்சிக்கு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் துணைநின்றனர். கிராமத்துப் பிள்ளைகள் சிறுசிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். அவர்களுடைய பாடநூல் விடைகளை அள்ளிக்கொடுக்கவில்லை, கேள்விகளையே கேட்டது. தேர்வு அறைக்குப் புத்தகத்தை எடுத்துச்செல்லவும் அனுமதி இருந்தது. 1978இல் மாவட்டம் முழுவதற்கும், பின்னர் ஏகலவ்யா அமைப்பின் மூலம் வேறு பல மாவட்டங்களுக்கும் இத்திட்டம் பரவியது. 2002இல் மாநில அரசு இதை நிறுத்திவிட்டது.

எனினும் அந்த விதை வீண்போகவில்லை. மனப்பாட முறையைக் கைவிட்டு, பாடத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்கவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமும் வலியுறுத்தியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் இத்திட்டத்தில் பணியாற்ற வந்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு அவர் உருவாக்கிய எளிய பொம்மைகள் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்றன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வீட்டிலும் வகுப்பிலும் செய்யத்தக்க மூன்று

1. அசையாத முக்கோணம்: தீக்குச்சிகளின் மருந்தைப் பெரியவர்களே சுரண்டி நீக்கிவிடுங்கள். வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றை மூட்டுகளாக வைத்துக் குச்சிகளை இணைத்து ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்யச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும். முக்கோணமோ வடிவம் மாறாது. அடுத்தமுறை ரயிலில் செல்லும்போது, இரும்புப் பாலத்திலும் மின்கோபுரத்திலும் முக்கோணங்களை எண்ணும்படி பிள்ளையிடம் கூறுங்கள்.

2. நிறம் மாறும் மஞ்சள்: குழம்புக் கறைபட்ட துணியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதைத் தாய்மார்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறீர்கள். அதுவே ஒரு வேதியியல் பாடம்! மஞ்சள்தூளை நீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்பு நீர், சமையல் சோடா கரைத்த நீர், எலுமிச்சைச் சாறு, உப்பு நீர் ஆகியவற்றில் ஒவ்வொரு சொட்டு விடச் செய்யுங்கள். காரத்தன்மை உள்ளவை தாளைச் சிவக்கச் செய்யும். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். அமிலம், காரம் என்ற சொற்களைப் பிள்ளை இனி எளிதில் மறக்கமாட்டான்.

3. ஊரோடு சேர்ந்து ஒரு கணக்கு: டெல்லியும் திருநெல்வேலியும் ஏறத்தாழ ஒரே வடக்கு தெற்குக் கோட்டில் இருக்கின்றன. ஆகவே இரண்டு ஊரிலும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சத்தை அடைகிறது. டிசம்பர் 22 அன்று பகல் 12.20 மணியளவில், டெல்லியில் உங்கள் பிள்ளையும் நெல்லையில் அவனுடைய அத்தை பிள்ளையும் ஒரு மீட்டர் உயரக் கோலைச் செங்குத்தாக நாட்டி நிழலை அளக்கட்டும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவேண்டாம். டெல்லியில் நிழல் சுமார் 128 செ.மீ. இருக்கும், நெல்லையிலோ 63 செ.மீ. அளவே இருக்கும்.

தொலைபேசியில் அளவுகளைப் பரிமாறிக்கொண்டு, கோலையும் நிழலையும் சிறிய அளவில் முக்கோணமாக வரைந்து உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் 52 பாகை, 32 பாகை எனக் கிடைக்கும். வித்தியாசம் 20 பாகை. அது முழு வட்டத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 2,200 கி.மீ. அதை 18ஆல் பெருக்குங்கள்: 39,600 கி.மீ. பூமியின் உண்மையான சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ.! எகிப்தில் எரடோஸ்தனீஸ் என்ற அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் கையாண்ட வழி இதுவே. ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வதே இங்கே பிள்ளைக்கு ஒரு பாடமாகிறது.

மும்பையில் இருப்பவர்கள் மே மாத நடுவிலும், பெங்களூரில் இருப்பவர்கள் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் நண்பகலில் கோலை நாட்டிப் பாருங்கள். நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். கடகரேகைக்கு வடக்கே உள்ள டெல்லியில் இது ஒருநாளும் நிகழாது. ஏன் என்று பிள்ளையே யோசிக்கட்டும்.

மறவாதிருக்க வேண்டியவை

சோதனைக்கு முன், "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். முடிந்தபின், கண்டதைக் கண்டபடியே எழுதச் சொல்லுங்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் கடிந்துகொள்ளாதிருங்கள். ஏன் மாறியது என்று தேடுவதே அறிவியல். விடை தெரிந்திருந்தாலும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதிருங்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் அறுபது பேர் இருந்தாலும் நான்கு நான்கு பேராகப் பிரித்துவிட்டால் எல்லாக் கைகளுக்கும் வேலை கிடைக்கும். புதிதாய் வந்த தமிழ்ப் பிள்ளை தான் கண்டதை முதலில் தமிழிலேயே சொல்லட்டும். பொருள் விளங்கியபின் பாடமொழியின் சொற்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெற்றோரே, "எனக்குத் தெரியாது" என்று இனி ஒதுங்கவேண்டாம். "எனக்கும் தெரியாது, வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். வருகிற விடுமுறை நாளிலேயே ஒரு சிட்டிகை மஞ்சளோடு தொடங்குங்கள்.