அகதிகள் வளர்த்த நகரம்

தோளில் ஒரு பை, கையில் சொற்பப் பணம். இவற்றோடு மொறோக்கோவின் பேஸ் நகருக்குச் சென்று வந்தோம். ஸ்பெயினின் தரீபாவிலிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்தில் தாஞ்சியர், அங்கிருந்து ரயில். எல்லையில் ஆவணங்களை நீட்டியபோது வழமைபோல் நெஞ்சு படபடத்தது. அகதிப் பயண ஆவணம் உடையோர் விசா விபரங்களை முன்கூட்டியே விசாரித்தறிதல் நன்று.

பழைய நகரின் ஒழுங்கைகளில் வாகனங்கள் நுழைவதில்லை. பொதி சுமந்த கழுதைகளே செல்கின்றன. 'பாலக்' என்ற குரல் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடல் வேண்டும். பகலில் பாணும் ஒலிவ் காயும், இரவில் கடலையும் பருப்பும் தக்காளியும் சேர்ந்த 'ஹரீரா' சூப்பும் எமக்குப் போதுமாயிருந்தன.

ஆயினும் எம்மை ஆட்கொண்டது இந்நகரின் வரலாறே. கி.பி. 818இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் கிளர்ச்சி நசுக்கப்பட்டபின் துரத்தப்பட்டோரிற் பலர் இங்கு ஆற்றின் ஒரு கரையில் குடியேறினர். துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தோர் மறுகரையில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவரின் மகளான பாத்திமா அல்பிஹ்ரி, தம் முதுசப் பணத்தைக் கொண்டு 859இல் கரவீன் பள்ளிவாசலை நிறுவினார் என்பது மரபு. பின்னர் அது உலகின் பழம்பெரும் கல்விக்கூடங்களுள் ஒன்றாயிற்று. இரு கரைகளும் வந்தவர்களின் ஊர்ப்பெயரையே இன்றும் தாங்குகின்றன.

முஸ்லிம் அல்லாதோர் உள்ளே செல்லல் ஆகாது. வாசலில் நின்று முற்றத்தை நெடுநேரம் பார்த்தோம். வந்த மண்ணில் பாரமாக இருக்கின்றோமோ என எம்முள் பலர் குன்றிப்போவதுண்டு. அத்தகையோர் தம் பிள்ளைகளோடு ஒருமுறை அவ்வாசலில் நின்று வரட்டும்.