கடலை மானியமும் ஊரறிந்த கணக்கும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள ஊர்களில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மணற்பாங்கான மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் விளைகின்றன. நம் பெரியவர்கள் 'மல்லாட்டை' என்றழைக்கும் இக்கடலைக்கு அரசு ஏன் மானியம் தருகிறது? அப்பணம் யாரைச் சேர்கிறது என்பதை ஊரார் எவ்வாறு அறியலாம்? இவற்றைச் சுருக்கமாக விளக்க விழைகிறேன்.

நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. இக்குறையைப் போக்கவே 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தோன்றியது. 2024 அக்டோபரில், 2030-31 வரைக்கும் 10,103 கோடி ரூபாய்ச் செலவிலான புதிய தேசிய எண்ணெய்வித்து இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஓர் ஏக்கர் விதைக்கச் சுமார் 50 கிலோ கடலைப் பருப்பு வேண்டும். ஆகவே விதைச் செலவே உழவருக்குப் பெருஞ்சுமை. காய் திரட்சியாகப் பிடிக்கச் சுண்ணாம்புச் சத்துத் தேவை. அதற்காக ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறோம். இத்தகைய செலவுகளில் ஒரு பங்கை அரசு ஏற்பதே மானியம். அது சில வேளை விலைக் குறைப்பாகவும், சில வேளை வங்கிக் கணக்கில் பணமாகவும் வரும். எப்படி வந்தாலும், பெற்றவர் யாரென்று ஊருக்குத் தெரியாவிட்டால், நிலமே இல்லாதவர் பெயரும் ஏட்டில் ஏறிவிடும்.

இது வெறும் ஐயமன்று. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டத்தில், 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதும், 110 கோடி ரூபாய்க்கு மேல் தவறான கைகளுக்குப் போனதும் வெளிவந்தன. முறைகேடு நடந்த மாவட்டங்களில் செங்கற்பட்டும் ஒன்று. தலைநகரில் இருப்பவருக்குப் பட்டியலில் உள்ள பெயர் வெறும் பெயர். பக்கத்து நிலத்துக்காரருக்கோ, யார் கடலை போட்டார், யார் சவுக்கு வைத்தார் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. இந்தியாவிலேயே முதலில், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும், எவரும் கேளாமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும்.

'ஏழை உழவரின் வரவை ஊரறியச் சொல்வது முறையா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல், மானியம் பெற்ற தனிமனிதர் அனைவரின் பெயரையும் வரையறையின்றி வெளியிடுவது தகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர், சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்து மற்றவற்றை வெளியிட அங்கே விதி செய்தனர். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவலைத் தர மறுப்பதற்கான விலக்கை விரிவாக்கியது. ஆயினும் 4ஆம் பிரிவின் கடமையை அது நீக்கவில்லை. என் கருத்து இதுதான்: ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மறைந்திருக்கட்டும், பெயரும் பயிரும் பரப்பும் தொகையும் வெளிப்படட்டும். பொதுப்பணத்தைப் பெறுவதில் வெட்கமில்லை. பொய்ப் பெயரில் பெறுவதே வெட்கம்.

பட்டியலை இணையத்தில் ஏற்றினால் மட்டும் போதாது. படிக்கத் தெரியாத மூதாட்டியின் காதிலும் அது விழவேண்டும். இராஜஸ்தானத்தில் 1994இல் கோட்கிரானா என்ற சிற்றூரில் அரசுக் கணக்கை மக்கள் முன் உரக்கப் படித்தபோதுதான் பொய்ப் பதிவுகள் அம்பலமாயின. நமக்கோ ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்தனர்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்த கிராம சபைக்குச் செல்வோம். 'நம் ஊர்க் கடலை மானியப் பட்டியலைப் படியுங்கள்' என்று பணிவோடு கேட்போம். ஊர் கேட்கும் கணக்கில் பொய் நிலைக்காது.